ஏதிலியர் பேணலும் நிதிப் பொறுப்பும்: சேலம் மாவட்டச் சேர்வராயன் மலைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

1983ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிற்கு வந்த இலங்கைத் தமிழ் ஏதிலியர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்தம் சட்டநிலை, முகாம் வாழ்க்கை, கல்வி ஆகியவற்றை மையப்படுத்தியுள்ளன. அவர்களைப் பேணும் செலவு எந்த நிதிவழியில் வந்தது, அவ்வழியில் உள்ளாட்சிக்கு எந்த இடம் இருந்தது என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. தாயகம் திரும்பியோர் மறுவாழ்வு (1964 முதல்), இலங்கை ஏதிலியர் துயர்தணிப்பு (1983 முதல்) ஆகிய இரு காலகட்டங்களையும் இக்கட்டுரை இவ்வினாவின் வழி ஒப்பிடுகிறது. சேர்வராயன் மலைமீதுள்ள பழங்குடி ஊராட்சிகளுக்கும் மலையடிவார மாவட்டப் பகுதியிலுள்ள ஏதிலியர் முகாம்களுக்கும் நிதி வந்துசேரும் முறையிலுள்ள வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, மானியம் கோரும் உரிமை ஒரு மக்கட்பிரிவின் தேவையைவிட அதன் அரசமைப்பு வகைப்பாட்டையே சார்ந்துள்ளது என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்

ஏதிலியர், தாயகம் திரும்பியோர், பணக்கொடை, மீளளிப்பு, உள்ளாட்சி நிதி, சேர்வராயன் மலை, சேலம் மாவட்டம்.

முன்னுரை

அடைக்கலம் என்பது தமிழ் மரபில் அறமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. புகலிடம் தேடி வந்தவரைக் காத்தல் வேந்தர்க்கும் குடிகட்கும் உரிய கடனாகக் கருதப்பட்டது. ஆயின் தற்கால அரசில் அடைக்கலம் என்பது அறமாக மட்டும் நிற்பதில்லை. அது ஒரு செலவுத் தலைப்பும் ஆகும். குடிநீர்க் குழாய், கழிப்பறை, கூரை, அரிசி, பள்ளிக்கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும். அக்கணக்கிற்கு ஓர் அரசு பொறுப்பேற்க வேண்டும். அடைக்கலம் அளிக்கும் முடிவைத் தலைநகரம் எடுக்கிறது. அடைக்கலம் பெற்றவர் வாழ்வதோ ஏதேனும் ஓர் ஊராட்சியின் எல்லைக்குள். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை நிதி எவ்வாறு கடந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இவ்வாய்வுக்குச் சேலம் மாவட்டம் பொருத்தமான களமாகும். இலங்கைக்குத் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. ஓமலூர்ப் பகுதிக் குறுக்குப்பட்டி, தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூர், கிழக்கே நாகியம்பட்டி முதலிய இடங்களில் ஏதிலியர் முகாம்கள் அமைந்த மாவட்டமும் இதுவே. இம்மாவட்டத்திலேயே, சேர்வராயன் மலைமீது, மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஏற்காடு ஊராட்சி ஒன்றியம் உள்ளது. ஒரே மாவட்ட நிருவாகத்தின்கீழ், ஒரே வகையான அடிப்படைத் தேவைகளுடன் வாழும் இரு மக்கட்பிரிவினர்க்கு நிதி வெவ்வேறு வழிகளில் வந்துசேர்வதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

1. மலைத்தோட்டமும் கடல்கடந்த தோட்டமும்

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820களில் வேரூன்றியது. அக்காலத்தில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இதற்குக் காரணமானவர். அடுத்த சில பத்தாண்டுகளில் ஏற்காட்டில் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. ஏறத்தாழ இதே காலத்தில் இலங்கையின் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் விரிவடைந்தன. அத்தோட்டங்களுக்கான உழைப்பு சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணி முறையில் திரட்டப்பட்டது. கங்காணி முன்பணம் கொடுத்தான், அம்முன்பணம் கடனாயிற்று, கடன் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது இவ்வெளியேற்றம் மேலும் வலுப்பெற்றது. 1869ஆம் ஆண்டு இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தபின், ஆண்டு முழுவதும் பறிப்பு வேலை இருந்ததால் தொழிலாளர் அங்கேயே நிலைத்துக் குடியிருக்கலாயினர்.

இப்பெயர்வின் செலவு யாரால் ஏற்கப்பட்டது என்பது கருதத்தக்கது. தொழிலாளரை அழைத்துச் செல்லும் செலவு தோட்ட முதலாளிகளின் கணக்கில் எழுதப்பட்டு, இறுதியில் தொழிலாளியின் கூலியிலேயே கழிக்கப்பட்டது. தொற்றுநோய்த் தடுப்புக்காக மண்டபத்தில் ஒரு முகாம் அமைக்கப்பட்டது. இலங்கைக்குச் செல்வோரைத் தங்கவைத்துப் பரிசோதித்த அம்முகாமே, பின்னாளில் இலங்கையிலிருந்து திரும்பியோரையும் தப்பிவந்தோரையும் வரவேற்கும் இடைத்தங்கல் முகாமாக மாறியது. போக்கிற்காகக் கட்டப்பட்ட இடம் வரவிற்குப் பயன்பட்டது. ஆயின் போக்கிற்கு இருந்த தெளிவான கணக்கு வரவிற்கு இருக்கவில்லை.

2. தாயகம் திரும்பியோர்: உடன்படிக்கை வழிவந்த நிதி

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இச்சிக்கலுக்குத் தீர்வாக 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974ஆம் ஆண்டு இந்திரா–சிறிமாவோ உடன்படிக்கை வகுத்தது. இவற்றின்படி நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர்.

இவர்கள் ஏதிலியர் அல்லர். இந்தியக் குடியுரிமை பெற்று வந்தோர். எனவே அரசின் ஆவணங்கள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ எனக் குறித்தன. இப்பெயர் வெறும் சொல்லன்று. அதனோடு ஒரு நிதிவழியும் வந்தது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை வழங்கிய குடும்ப அட்டையில், குடும்பத்தினர் பெயர்களுடன் அக்குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டமும் குறிக்கப்பட்டது. தோட்ட வேலை, நூற்பாலை வேலை, வேளாண் குடியேற்றம், சிறுதொழில் கடன் எனத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. நீலகிரியில் 1968ஆம் ஆண்டு அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1976ஆம் ஆண்டு அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோர்க்குக் கடன் வழங்கும் நோக்கில் 1969ஆம் ஆண்டு ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. ஒன்றிய அரசும் தென்மாநில அரசுகளும் அதில் பங்குதாரர்களாயின.

இம்முயற்சிகளின் குறைபாடுகள் பல. பெரும்பாலோர் ஒதுக்கப்பட்டது சிறுதொழில் கடன் திட்டத்திற்கே. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்க்கு ஐந்தாயிரம் ரூபாய் அளவிலான கடனைக் கொடுத்து அறிமுகமற்ற ஊரில் கடை வைக்கச் சொன்னது பயன் தரவில்லை. பலர் கடன்தொகையை இழந்து, மலைத்தோட்டங்களை நாடிச் சென்றனர். நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் அவர்களுட் சிலர் கொத்தடிமைகளாகவும் சிக்கினர். ஆயினும் நிதியமைப்பு என்ற நோக்கில் ஓர் உண்மை புலப்படுகிறது. தாயகம் திரும்பியோர்க்கான செலவு ‘மறுவாழ்வு’ என்னும் முதலீட்டுச் செலவாகக் கருதப்பட்டது. தோட்டம், ஆலை, வங்கி என நிலைத்த சொத்துக்களை அது உருவாக்கியது. குடியுரிமை உறுதியாக இருந்ததால் எதிர்காலத்திற்குச் செலவிட அரசு தயங்கவில்லை.

3. 1983க்குப் பின்: துயர்தணிப்பும் மீளளிப்பும்

1983 சூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடைபெற்ற வன்முறையைத் தொடர்ந்து நிலைமை மாறியது. அவ்வாண்டு சூலை 24 முதல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான 1987 சூலை 29 வரை 1,34,053 பேர் தமிழ்நாட்டில் புகலடைந்தனர். 1990 சூனில் மீண்டும் போர் மூண்டபின் இரண்டாம் அலையில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். 1990களின் இடைப்பகுதியிலும் 2006ஆம் ஆண்டிற்குப் பின்னரும் அடுத்தடுத்த அலைகள் தொடர்ந்தன. 1983 முதல் வந்தோர் மொத்தம் 3,04,269 பேர் என அரசு கணக்கிட்டுள்ளது. 1995 மார்ச்சு வரை 99,469 பேர் அரசு ஏற்பாட்டில் திருப்பி அனுப்பப்பட்டனர். அதன்பின் அத்தகைய ஏற்பாடு நடைபெறவில்லை.

இவ்வாறு வந்தோருள் மலையகத் தமிழரும் கணிசமாக இருந்தனர். தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து 1984ஆம் ஆண்டு நின்றபோது, இந்தியாவுக்கு வரவேண்டிய பலர் இலங்கையில் தங்கிவிட நேர்ந்தது. ஓர் ஆண்டு முன்னர் கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியோர். பின்னர்ப் படகில் வந்தவர் ஏதிலியர். இருவரின் முன்னோரும் சேலத்திலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ ஒரே காலத்தில் சென்றவர்களாக இருக்கலாம். ஆயின் ஒருவர்க்குக் கடனும் வேலையும் குடியுரிமையும் கிடைத்தன. மற்றவர்க்கு முகாமும் பணக்கொடையும் கிடைத்தன.

ஏதிலியர்க்கான செலவு முறை பின்வருமாறு அமைந்தது. தங்குமிடம், பணக்கொடை, மானிய விலை அரிசி, உடை, பாத்திரங்கள், மருத்துவம், கல்வி உதவி ஆகியவற்றுக்கான செலவை மாநில அரசு முதலில் செய்தது. பின்னர் அதனை ஒன்றிய அரசு ஈடுசெய்தது. இம்மீளளிப்பு முறையின் விளைவுகள் மூன்று.

முதலாவதாக, மீளளிப்பு என்பது ஏற்கப்பட்ட இனங்களுக்கும் விகிதங்களுக்கும் மட்டுமே உரியது. அவ்விகிதத்தை மிஞ்சிச் செலவிட விரும்பும் மாநிலம் தன் சொந்த நிதியையே நாட வேண்டும். இரண்டாவதாக, துயர்தணிப்பு என்பது தற்காலிகத் தன்மையுடையது. ‘அவர்கள் திரும்பிச் செல்வர்’ என்னும் எதிர்பார்ப்பில் நிறுவப்பட்டதால் நிலைத்த கட்டுமானத்திற்கு அதில் இடமில்லை. பத்தடிக்குப் பத்தடி அளவிலான தற்காலிக அறைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது இக்கணக்கு முறையின் நேரடி விளைவு. மூன்றாவதாக, நிதி வருவாய்த் துறை வழியே வந்தது. மாவட்ட ஆட்சியர், தனித்துணை ஆட்சியர் அல்லது வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்னும் படிநிலையில் பணக்கொடை வழங்கப்பட்டது. தணிக்கையும் அவ்வாறே நடைபெற்றது. காவல்துறையின் கியூ பிரிவு கண்காணித்தது. முகாம் அமைந்த ஊராட்சி இப்படிநிலையில் எங்கும் இடம்பெறவில்லை.

1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி கொலையுண்டபின் இம்முறை மேலும் இறுகியது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களில் பணியாற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. கல்லூரிச் சேர்க்கைச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. சலுகைகள் மீளச் சில ஆண்டுகளாயின. சலுகையாக வருவது அரசியற் சூழலுக்கேற்ப நிறுத்தப்படக்கூடியது; உரிமையாக வரும் நிதி அவ்வாறன்று என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

4. அரசமைப்பில் ஏதிலியர்க்கு உரிய இடம்

இந்நிலை தற்செயலானதன்று. அதன் வேர் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ளது. ஒன்றியப் பட்டியலின் 17ஆம் பதிவு குடியுரிமை, குடியுரிமையேற்பு, அயல்நாட்டவர் ஆகியவற்றை ஒன்றியத்திற்கு உரியதாக்குகிறது. 19ஆம் பதிவு நாட்டிற்குள் நுழைதலையும் வெளியேற்றத்தையும் ஒன்றியத்திடமே வைக்கிறது. பொதுப் பட்டியலின் 27ஆம் பதிவு ‘துயர்தணிப்பு, மறுவாழ்வு’ பற்றிப் பேசுகிறது. ஆயின் அது இந்தியா, பாகிஸ்தான் என்னும் இரு நாடுகள் உருவானதால் இடம்பெயர்ந்தோர்க்கு மட்டுமே வரையறுக்கப்பட்டது. பிரிவினையின் நிழலில் எழுதப்பட்ட அப்பதிவு பிற்கால ஏதிலியரைக் கருதவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா இணையாததால், வெளியிலிருந்தும் ஒரு சட்டக்கடப்பாடு உருவாகவில்லை.

அரசமைப்பின் 258ஆம் உறுப்பு ஈண்டுக் கருதத்தக்கது. ஒன்றியம் தன் பணிகளை மாநில அரசின் ஒப்புதலுடன் அதனிடம் ஒப்படைக்கலாம். அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் உள்ள அதிகாரங்கள் 1958ஆம் ஆண்டு இவ்வுறுப்பின்வழி மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. இவ்வாறு ஒப்படைக்கப்படும் பணியால் மாநிலத்திற்கு நேரும் கூடுதல் நிருவாகச் செலவை ஒன்றியம் தரவேண்டும் என 258(3) கூறுகிறது. தொகையில் உடன்பாடு ஏற்படாவிடின் இந்தியத் தலைமை நீதிபதி அமர்த்தும் நடுவர் அதனை முடிவு செய்வார். ஆயின் இது ‘நிருவாகச் செலவு’ பற்றியதே. அயல்நாட்டவரைப் பதிவு செய்யவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு இதற்குள் அடங்கும். அவர்க்கு வீடு கட்டும் செலவு அடங்குவதாகக் கொள்வது அரிது. கண்காணிப்புக்கு அரசமைப்பில் நிதிவழி உண்டு. பேணலுக்கு உள்ளது விருப்புரிமை சார்ந்த 282ஆம் உறுப்பின் மானியம் மட்டுமே.

உள்ளாட்சியின் நிலை இதனினும் மெலிது. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1993ஆம் ஆண்டில் ஏதிலியர் முகாம்கள் தோன்றிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஊராட்சிகளுக்கு உரியனவாகக் கருதத்தக்க 29 பொருள்களைப் பதினொன்றாம் அட்டவணை நிரல்படுத்துகிறது. குடிநீர், ஊரக வீட்டுவசதி, சாலைகள், நலிந்த பிரிவினர் நலன் என முகாமில் வாழ்வோர்க்கு வேண்டிய அனைத்தும் அதில் உள்ளன. முகாமோ ஏதிலியரோ அதில் இல்லை. எனவே ஏதிலியரைப் பேணுவதற்கென மானியம் கோரும் தகுதி ஊராட்சிக்குத் தனியே உருவாகவில்லை.

5. மலையும் அடிவாரமும்

இக்கட்டத்தில் ஏற்காட்டின் நிலை ஒப்புநோக்கத்தக்கது. சேர்வராயன் மலைவாழ் மலையாளி இனத்தார் பட்டியல் பழங்குடியினர். சேலம் உள்ளிட்ட குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு உரியதாக அவ்வினம் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாமையால், பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் ஏற்காட்டிற்குப் பொருந்தாது. அவ்வகையில் மலை ஊராட்சிகளின் தன்னாட்சியும் முழுமையானதன்று. ஆயினும் நிதியைப் பொறுத்தவரை அவற்றுக்கு உறுதியான ஒரு பிடிமானம் உண்டு. அரசமைப்பின் 275(1) உறுப்பின் முதல் காப்புவாசகம், பட்டியல் பழங்குடியினர் நலனுக்காக மாநிலம் மேற்கொள்ளும், ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்ற திட்டங்களுக்கு இந்தியத் தொகுநிதியிலிருந்து மானியம் வழங்க வகைசெய்கிறது. பழங்குடியினர் துணைத்திட்டமும் இதனோடு சேர்ந்தது. மலைச்சாலைக்கோ பழங்குடியினர் உண்டுறை பள்ளிக்கோ நிதி கோரும் கோப்பு, எந்தத் தலைப்பின்கீழ்க் கோருவது என்னும் வினாவில் தடுமாறுவதில்லை.

மலையின் மேற்குப்புறச் சமவெளியில், ஓமலூர்ப் பகுதி முகாமில், அதே குடிநீர்க் குழாயும் அதே சாலையும் வேண்டப்படும்போது கோப்பு வேறு பாதையில் செல்கிறது. அது வருவாய்த் துறை வழியே மாவட்ட ஆட்சியர்க்கும், அங்கிருந்து சென்னை மறுவாழ்வு ஆணையரகத்திற்கும், மீளளிப்புக்குரியதாயின் புதுதில்லிக்கும் செல்லவேண்டும். மலையில் உள்ளவர் மிக வளமாக வாழ்கின்றனர் என்பதோ, அடிவாரத்தில் உள்ளவர் மட்டுமே வறியர் என்பதோ இவ்வொப்பீட்டின் கருத்தன்று. ஏற்காட்டு ஊர்கள் பலவற்றில் சாலையும் மருத்துவமும் நீண்டகாலக் கோரிக்கைகளாகவே இருந்து வந்துள்ளன. தேவை இரு பக்கமும் உண்டு. தேவையை மானியமாக மாற்றவல்ல பெயர் ஒரு பக்கமே உண்டு என்பதே இங்குச் சுட்டப்படுவது.

6. தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

உள்ளாட்சி நிதியில் மற்றொரு நுட்பமான முரணும் உண்டு. நிதிக்குழு மானியங்கள் பெரிதும் மக்கட்தொகையை அடிப்படையாகக் கொண்டவை. பதினான்காம் நிதிக்குழுவும் பதினைந்தாம் நிதிக்குழுவும் ஊரக உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்கிடையே பகிரும்போது 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பிற்கு 10 விழுக்காடும் மதிப்பளித்தன. மக்கட்தொகைக் கணக்கெடுப்பு குடியுரிமையைப் பார்த்து எண்ணுவதன்று. வழக்கமாக வசிப்போர் அனைவரையும் அது எண்ணுகிறது. ஆகவே முகாம்வாழ் ஏதிலியரும் மானியத்தைக் கணிக்கும் தலைக்கணக்கில் இடம்பெறுகின்றனர். பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்திற்கான இம்மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கெனக் கட்டுப்படுத்தியது. முகாம்களின் முதன்மைத் தேவைகளும் இவையே.

ஆயின் அந்நிதியை எங்குச் செலவிடுவது என முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை. அரசமைப்பின் 243ஆம் உறுப்பு, கிராம சபை என்பது அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பதிவு பெற்றோர் கொண்ட அவை என வரையறுக்கிறது. குடிமகன் அல்லாதவர் வாக்காளராக இயலாது. எனவே முகாம்வாழ் ஏதிலியர் கிராம சபையின் உறுப்பினராக இயலாது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் தம் கோரிக்கையைத் தீர்மானமாக்கவும் இயலாது. நிதி பெறுங்கால் எண்ணப்பட்டு, நிதி பகிருங்கால் எண்ணப்படாத மக்களாக அவர்கள் நிற்கின்றனர். ஊராட்சித் தலைவர் ஒருவர் நல்லெண்ணத்தால் முகாமிற்குச் செலவிடலாம். அவ்வாறு செலவிடத் தேர்தல்வழித் தூண்டுதல் எதுவும் அவர்க்கில்லை.

7. பிறநாட்டு, பிறமாநில ஒப்பீடு

ஏதிலியர் செலவு உள்ளாட்சியின் தோளில் இறங்குவது இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் புகலிடம் கோருவோர் பலர்க்கு அரசு உதவித்தொகையை நிறுத்தியது. 1948ஆம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டத்தின்படி வறியவரைப் பேணும் கடமை உள்ளாட்சி மன்றங்களுக்கு உண்டு என நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. இலண்டன் மன்றங்களும் கடற்கரைப் பகுதியான கென்ட்டும் பெருஞ்சுமையை ஏற்று, நடுவண் அரசிடம் சிறப்பு மானியம் கோரின. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இப்பொறுப்பின் பெரும்பகுதியை நடுவண் அரசிடம் மாற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் மாநிலங்கள் செய்யும் உதவிச் செலவை மீளளிக்க வகைசெய்தது. தொடக்கத்தில் 36 மாதங்களாக இருந்த அக்காலவரம்பு 1991ஆம் ஆண்டளவில் 8 மாதங்களாகச் சுருங்கியது. செருமனியில் மாநிலங்களுக்கிடையே புகலிடம் கோருவோரைப் பகிர்வதற்கு வரிவருவாய்க்கு மூன்றில் இரு பங்கும் மக்கட்தொகைக்கு மூன்றில் ஒரு பங்கும் மதிப்பளிக்கும் வாய்பாடு உண்டு. மூன்று நாடுகளிலும் பூசல்கள் ஓய்ந்தபாடில்லை. எனினும் பூசலிடுவதற்கு ஒரு சட்டக்களம் அங்கு உண்டு.

இந்தியாவிற்குள்ளேயே மிசோரம் மற்றொரு சான்று. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் படைத்துறை ஆட்சியைக் கைப்பற்றியபின் சின் இன மக்கள் பல்லாயிரவர் மிசோரத்தில் புகுந்தனர். எவர்க்கும் அகதி நிலை வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என ஒன்றிய உள்துறை அவ்வாண்டு மார்ச்சில் நினைவூட்டியது. மாநில அரசு ஒன்றியத்திடம் நிதி கோரியது; இடைக்காலத்தில் ஊர்மக்களும் திருச்சபை அமைப்புகளும் சுமையைத் தாங்கினர். தமிழ்நாட்டிற்குக் கிடைத்த மீளளிப்பு முறை ஏதிலியர் அனைவர்க்கும் உரிய பொதுவிதியன்று, அக்கால அரசியல் முடிவால் கிடைத்த ஏற்பாடே என்பதை மிசோரத்தின் பட்டறிவு தெளிவாக்குகிறது.

8. 2021ஆம் ஆண்டின் திருப்பம்

2021 ஆகஸ்டு 27 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களை அறிவித்தார். அப்போது மாநிலத்தின் 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேரும், முகாமிற்கு வெளியே காவல்நிலையப் பதிவுடன் 34,087 பேரும் வாழ்ந்து வந்தனர். பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டுவதும் முகாம்களின் அடிப்படை வசதிகளுக்கு 30 கோடி ரூபாய் ஒதுக்குவதும் அவற்றுள் அடங்கும். குடும்பத் தலைவர்க்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும், ஏனைய பெரியவர்க்கு 750 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், சிறுவர்க்கு 400 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. 2021 நவம்பர் 2 அன்று வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது.

வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 3.10 இலட்சம் ரூபாய் என்னும் இம்மதிப்பீடு, நிதிவரலாற்று நோக்கில் ஒரு திருப்பமாகும். துயர்தணிப்புக் கணக்கிலிருந்து முதலீட்டுக் கணக்கிற்கு மாநில அரசு நகர்ந்துள்ளது. 1960களில் தாயகம் திரும்பியோர்க்கு வழங்கப்பட்ட ‘மறுவாழ்வு’ என்னும் சொல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்குப் பின் முகாமின் பெயர்ப்பலகைக்கு வந்துசேர்ந்தது. ஆயின் அன்று அச்சொல்லோடு வந்த குடியுரிமை இன்று வரவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு சூனில், முகாம்வாழ் இந்திய வம்சாவளித் தமிழர் தொடுத்த வழக்கில், அவர்தம் குடியுரிமை விண்ணப்பங்களை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டுமென உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பணித்தது. குடியுரிமை தருவது ஒன்றியத்தின் அதிகாரம். வீடு கட்டித் தருவது மாநிலத்தின் விருப்பம். அவ்வீட்டிற்கு முன்னுள்ள தெருவையும் சாக்கடையையும் நாள்தோறும் பேணவேண்டியது உள்ளாட்சி. இம்மூன்றும் ஒரே கோட்டில் இணையும் ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. தாயகம் திரும்பியோர்க்கான செலவு உடன்படிக்கையின் அடியாகப் பிறந்த முதலீடாகவும், ஏதிலியர்க்கான செலவு மீளளிப்பின் அடியாகப் பிறந்த துயர்தணிப்பாகவும் அமைந்தன. ஒரே வேரிலிருந்து வந்த மக்களைக் கணக்குத் தலைப்பே இரு வேறு வாழ்க்கைகளில் நிறுத்தியது. அரசமைப்பு ஏதிலியர்க்கான அதிகாரத்தை ஒன்றியத்திடம் குவித்தபோதும், அவர்களைப் பேணும் செலவை எவர்மீதும் கடமையாக்கவில்லை. சேர்வராயன் மலையின் பழங்குடி ஊராட்சிகள் 275(1) உறுப்பைப் பற்றிநின்று மானியம் கோர இயலும்போது, அடிவார முகாம்களைக் கொண்ட ஊராட்சிகளுக்கு அத்தகைய பிடிமானம் இல்லை. தலைக்கணக்கில் உள்ளவர் கிராம சபையில் இல்லாமையால், பொது மானியமும் அவர்களைச் சென்றடைவது நல்லெண்ணத்தைச் சார்ந்ததாகிறது.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் இரண்டு அரசமைப்புத் திருத்தமின்றியே இயல்வன. முகாம் அமைந்த ஊராட்சிகளுக்கு, முகாம் மக்கட்தொகைக்கு ஏற்ப, மாநில நிதிக்குழுவின் பரிந்துரையின்வழி ஒரு தனி இணைமானியத்தை மாநில அரசு வழங்கலாம். ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வகுக்கும்போது முகாம்வாழ் மக்களின் கருத்தை, வாக்குரிமையின்றியேனும், பதிவு செய்வதை அரசாணையின்வழிக் கட்டாயமாக்கலாம். நாற்பது ஆண்டுகளாக ஓர் ஊரில் வாழ்ந்து, அவ்வூர்ப் பள்ளியில் பயின்று, அவ்வூர் மண்ணிலேயே தம் முதியோரை அடக்கம் செய்தவர்களை அவ்வூரின் கணக்கில் சேர்ப்பது அருளுடைமை என்பதைக் காட்டிலும் நிருவாக நேர்மை எனக் கொள்வதே பொருந்தும்.